எட்டாம் திருவிழா ஹிப்னாடிசம்: உறங்க வைத்ததில் குறையில்லை, எழுப்பியதில் உண்டு

குமரி மாவட்டத்தில் கத்தோலிக்க ஆலயங்களின் பத்து நாள் பங்குத் திருவிழா என்றால் இரவு மேடைக்கு ஒரு வரிசை உண்டு. ஒரு நாள் பங்கு மக்களின் கலைநிகழ்ச்சி, ஒரு நாள் பட்டிமன்றம், ஒரு நாள் நாடகம், முடிவில் இன்னிசைக் கச்சேரி. நடுவில் ஓர் இரவை இப்போது சில கமிட்டிகள் மேடை ஹிப்னாடிசத்துக்கு, அதாவது ஆட்களை மேடையேற்றி வசியத்தால் உறங்க வைத்து வேடிக்கை காட்டுவதற்கு, ஒதுக்குகின்றன. கோயில் கொடைகளுக்கும் கல்லூரி விழாக்களுக்கும், ஓணத்தையும் கிறிஸ்துமஸையும் ஒட்டி கிளப்புகள் நடத்தும் ஆண்டு விழாக்களுக்கும் இதே மாதிரிக் குழுக்கள் வருகின்றன. இங்கே மதிப்பிடுவது மார்த்தாண்டத்துக்கும் தக்கலைக்கும் இடையே ஓர் ஊரில் எட்டாம் திருவிழா, அதாவது திருவிழாவின் எட்டாம் நாள், இரவு நடந்த நிகழ்ச்சியை. குழுவின் பெயர் வேண்டாம். சொல்லப்போகும் நிறைகுறைகளில் பெரும்பகுதி இந்தத் தொழிலுக்கே பொதுவானவை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: கூப்பிடலாம், ஆனால் சில நிபந்தனைகளை முன்பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொண்டு. ஆளை உறங்க வைப்பதை வைத்து ஒரு ஹிப்னாடிஸ்டை எடை போடக்கூடாது. அந்த வேலையில் பாதியைக் கூட்டமும் எதிர்பார்ப்பும் செய்து கொடுத்துவிடும். மேடை ஏறியவர்களில் யாரைத் திருப்பி அனுப்புகிறார், கடைசியில் எப்படி எழுப்புகிறார் என்ற இரண்டில்தான் தொழில் தெரியும். இந்தக் குழு முதலாவதில் கெட்டி. இரண்டாவதில் அவசரம்.

குழுவில் மூன்று பேர்: ஹிப்னாடிஸ்ட், மேடையில் கூடவே நிற்கும் உதவியாளர், பாட்டு போட ஒரு பையன். ஒப்பந்தம் ஒன்றரை மணி நேரத்துக்கு. கேட்ட தொகை 20,000 ரூபாய், வண்டிக்கூலி தனி, மைக் செட்டும் லைட்டும் கமிட்டி பொறுப்பு. இன்னிசைக் குழுவோடு ஒப்பிட்டால் மலிவுதான்.

மேடை ஏற்பாட்டில் குழு கேட்டதெல்லாம் சரியாக இருந்தது. கையில்லாத இரும்பு நாற்காலி வேண்டாம், கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி 12 வேண்டும், ஒவ்வொன்றும் இரண்டிரண்டாக அடுக்கியது. இது வீம்பு அல்ல. தளர்ந்து சரியும் ஆளின் எடை ஒரு பக்கமாகவே விழும். ஒற்றைப் பிளாஸ்டிக் நாற்காலியின் கால் அப்போது வெளிப்பக்கமாக விரியும், இரட்டையாக அடுக்கினால் தாங்கும். கை இருந்தால் ஆள் பக்கவாட்டில் வழுக்கி விழமாட்டார். நாற்காலி வரிசைக்கும் மேடை விளிம்புக்கும் நடுவே குறைந்தது ஐந்தடி வேண்டும். பலகை மேடையில் விரிப்பு மடிப்பில்லாமல் ஆணியடித்திருக்க வேண்டும். வெட்டி வெட்டி மின்னும் லைட்டை முழுக்க அணைக்கச் சொன்னார்கள், அதுவும் சரி: வலிப்பு உள்ளவர்களுக்கு அது ஆகாது, அது கூட்டத்தில் இருப்பவர்களுக்கும் பொருந்தும். ஒன்றே ஒன்று விட்டுப்போனது, மேடைப் படிக்குக் கைப்பிடி. அதைப் பிறகு பார்ப்போம்.

தொடக்கப் பேச்சு பன்னிரண்டு நிமிடம். எகிப்து, யோகிகள், பதினெட்டாம் நூற்றாண்டு மருத்துவர் மெஸ்மரின் காந்த சக்தி என்று போயிற்று. மெஸ்மரின் காந்தத்தை 1784-இலேயே பிரெஞ்சு அரசர் அமைத்த குழு, பெஞ்சமின் பிராங்கிளினும் வேதியியலாளர் லவாய்சியரும் இருந்த குழு, சோதித்துப் பார்த்து அப்படி ஒரு காந்தமே இல்லை, நடப்பது கற்பனையின் வேலை என்று முடிவுகட்டிவிட்டது. அந்தப் பழங்கதைக்குப் பதில் இந்த மேடைக்கு இன்னும் பொருத்தமான ஆள் ஒருவர் இருந்தார்: அபே ஃபாரியா. கோவாவில் கண்டோலிமில் 1756-இல் பிறந்த கத்தோலிக்கக் குருவானவர். 1813 முதல் பாரிசில் மக்கள் முன்னால் ஆட்களை உறங்க வைத்துக் காட்டியவர். வசியம் செய்பவனிடம் எந்தச் சக்தியும் இல்லை, எல்லாம் உறங்குபவனின் மனதில்தான் என்று அன்றே சொன்னவரும் அவரே. பணஜியில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஒரு பங்கு மேடையில் இந்த ஒரு பெயரைச் சொல்லியிருந்தால், இதென்ன பில்லிசூனிய வேலை என்று முன்வரிசையில் முணுமுணுத்த பெரியவர்களில் பாதிப் பேர் அடங்கியிருப்பார்கள்.

பேச்சு முடிந்ததும் கூட்டம் முழுவதற்கும் சோதனைகள். முதலாவது விரல் சோதனை: இரண்டு கைகளையும் கோத்து இறுக்கி, சுட்டுவிரல்களை மட்டும் நிமிர்த்தி ஓர் அங்குலம் அகற்றிப் பிடிக்க வேண்டும். விரல்கள் தானாக நெருங்கும். இது வசியமே இல்லை. மற்ற விரல்கள் இறுகியிருக்கும்போது நிமிர்ந்த விரல்களை அகற்றியே வைத்திருப்பது தசைக்குச் சிரமம், எல்லோருக்கும் நெருங்கத்தான் செய்யும். எல்லோருக்கும் பலிக்கும் என்பதால்தான் முதலில் வைக்கிறார்கள். "ஆமா, எனக்கும் ஆகுது" என்ற நம்பிக்கை அங்கே விழுந்துவிடும். அடுத்தது உண்மையான சோதனை: கண்ணை மூடி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டு, ஒரு கையில் கடவம் நிறையத் தேங்காய், மறுகையில் கேஸ் பலூன். ஒரு நிமிடத்தில் சிலருக்கு இரண்டு கைக்கும் நடுவே ஒரு முழம் வித்தியாசம் விழுந்தது. சிலருக்கு ஒன்றும் இல்லை. பிறகு உப்பும் வத்தல்பொடியும் தொட்ட பச்சை மாங்காயைக் கடிப்பதாக நினைக்கச் சொன்னது. எச்சில் ஊறாதவர் யாரும் இல்லை என்பதால் அது வேடிக்கைக்கு மட்டும்.

இந்தச் சோதனைகள் நடக்கும்போது உதவியாளர் கூட்டத்துக்குள் நடந்து, கை நன்றாக இறங்கியவர்களைக் கண்ணால் குறித்துக்கொண்டார். மேடைக்கு அழைத்ததும் 19 பேர் ஏறினார்கள். குறித்து வைத்தவர்களுக்கு நாற்காலி முதலில். மற்றவர்களை "தம்பி, அடுத்த ரவுண்டுக்குப் பாப்போம், கீழ இருந்து கவனிங்க" என்று முகம் கோணாமல் இறக்கிவிட்டார். உறங்க வைத்த பிறகும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த இருவரையும், ஒரு கண்ணைத் திறந்து நண்பர்களைப் பார்த்த ஒருவரையும் தோளைத் தட்டி அனுப்பினார். இப்படிச் சலித்துச் சலித்து, பாதி நிகழ்ச்சியில் ஐந்து பேர்தான் மிஞ்சினார்கள். குறைவு என்று கமிட்டிக்காரர் ஒருவருக்கு வருத்தம். அது குறையல்ல. எளிதில் ஆழ்ந்து போகிறவர்கள் பொதுவாக நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேர். அதே அளவு ஆட்களுக்கு ஏறவே ஏறாது. மற்றவர்கள் நடுத்தரம். இந்தத் தன்மை ஒருவருக்குப் பல ஆண்டுகள் ஆனாலும் பெரிதாக மாறுவதில்லை. மனம் பலவீனமானவன்தான் மயங்குவான் என்ற பேச்சும் தவறு. கதையிலோ பாட்டிலோ தன்னை மறந்து மூழ்கக்கூடியவர்களுக்கு எளிது, அவ்வளவுதான். ஐந்து நல்ல ஆட்களோடு நடத்துவது, பன்னிரண்டு அரைகுறைகளை நடிக்க வற்புறுத்துவதைவிட எவ்வளவோ மேல்.

உறங்க வைத்த முறை பழையது, சுத்தமானது. நெற்றிக்கு மேலே, ஒன்றரை அடி தூரத்தில் சின்ன நீல டார்ச். தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் உயர்த்திப் பார்க்க வேண்டும். மான்செஸ்டரில் இருந்த அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்ட் 1843-இல் எழுதியதும் கிட்டத்தட்ட இதே. அவர் தன் கத்திப் பெட்டியைக் கண்ணிலிருந்து எட்டு முதல் பதினைந்து அங்குல தூரத்தில் நெற்றிக்கு மேலே பிடித்தார். கண்ணை அப்படி உயர்த்தி வைத்தால் யாருக்கும் இமை களைக்கும். களைக்கத் தொடங்கிய நொடியில் "இமை கனக்குது" என்று சொல்வதில்தான் கெட்டிக்காரத்தனம். நடந்துகொண்டிருப்பதை முதலில் சொல்லி, நடக்கவேண்டியதை அதன் வாலில் கட்டுவது. "நாற்காலி முதுகில படுது, மூச்சு மெதுவா வருது, ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் தளருது." முதல் இரண்டும் உண்மை, மூன்றாவதையும் உடம்பு உண்மையாக்கிவிடும். இந்த மனிதரின் குரலும் வேகமும் இதற்கு அளவெடுத்தது போல. நம்மூர்ப் பேச்சிலேயே பேசினார். மேடைத்தமிழோ ஆங்கிலமோ நுழைந்தால் கேட்பவர் மனதுக்குள் அர்த்தம் தேட ஆரம்பித்துவிடுவார், அப்போது கட்டு அவிழும்.

பத்திலிருந்து ஒன்று வரை எண்ணும்போது உதவியாளர் நாற்காலிகளுக்குப் பின்னால் நடந்து, தலை சாயும் ஒவ்வொருவரின் பிடரியையும் உள்ளங்கையால் தாங்கி இறக்கினார். இதைச் செய்யாத குழுவை நம்பாதீர்கள். தலை சட்டென்று முன்னால் விழுந்தால் மறுநாள் கழுத்துப் பிடிப்பு நிச்சயம். நடுவில் கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்க அரை நிமிடம் ஆனது. இரண்டு பேர் கண் திறந்தார்கள். "எந்தச் சத்தம் கேட்டாலும் இன்னும் ஆழமாப் போவீங்க" என்று மைக் இல்லாமலே குரல் கொடுத்துச் சமாளித்தார். வெடிச்சத்தத்துக்கும் சிங்காரிமேளத்துக்கும் இதே வாக்கியம்தான் மருந்து. இருந்தாலும் வாணவேடிக்கையை நிகழ்ச்சி முடிந்து வைப்பது நல்லது.

கைகுலுக்கி நொடியில் உறங்க வைக்கும் வித்தையை ஒரே ஒருவரிடம் காட்டினார். கை கொடுத்ததும் சட்டென்று கீழே இழுத்து "உறங்கு" என்பது. கூட்டத்துக்குப் பிரமிப்பு, தோள்மூட்டுக்கு ஆபத்து. ஏற்கனவே தோள் நழுவியவரின் கையை இப்படி இழுத்தால் மறுபடி நழுவும். இழுக்கும் முன் "தோள்ல அடிபட்டிருக்கா" என்று கேட்கவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொடையில் சாமி வந்து ஆடுவதையும், ஜெபக்கூட்டத்தில் ஆள் பின்னால் சாய்வதையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். எது என்ன என்ற விவாதம் இங்கே வேண்டாம். மேடையில் நெற்றியைத் தொட்டதும் சாயவேண்டும் என்று நம் உடம்புக்கு முன்பே தெரியும், எதிர்பார்ப்பதைவிட வேகமாகச் சாய்வார்கள். ஆகவே நிற்க வைத்து உறங்கச் சொல்லும் எந்த வித்தைக்கும் பின்னால் பிடிக்க ஓர் ஆள் கட்டாயம். இந்தக் குழு அதைச் சரியாகச் செய்தது.

இனி விளையாட்டுகள். முதலில் குளிர், பிறகு வெயில். அடுத்தது பஸ்: மார்த்தாண்டம் மேம்பாலம் ஏறி இறங்கி நாகர்கோவில் போகும் பஸ்ஸில் எல்லோரும் இருக்கிறார்கள், வளைவுக்கு வளைவு ஐந்து பேரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள், திடீர் பிரேக்குக்கு முன்சீட் கம்பியைப் பிடித்தார்கள். இதுவரை ஒழுங்கு. அதற்கடுத்து அவசரப்பட்டு ஏழு என்ற எண்ணை மறக்கடிக்கப் பார்த்தார். ஒருவர் ஆறு, எட்டு என்று தாண்டினார். இருவர் தடுமாறினார்கள். இருவர் நிதானமாக ஏழைச் சொல்லிவிட்டார்கள். கூட்டம் கூவியது.

இங்கே என்ன தவறு? வரிசை. ஆய்வுக்கூடங்களில் ஒருவர் எவ்வளவு ஆழ்ந்து போவார் என்று அளக்கப் பயன்படுத்தும் ஸ்டான்ஃபோர்டு அளவுகோல் ஒன்று உண்டு. உளவியலாளர்கள் வைட்ஸன்ஹோஃபரும் ஹில்கார்டும் 1962-இல் வெளியிட்ட அதன் மூன்றாம் வடிவத்தில் 12 படிகள். கை இறங்குவது முதலில். பிறகு கைகள் விலகுவது, கொசு வந்து உட்காருவது, இல்லாத சுவை, மடக்க முடியாத கை என்று போய், எதிரில் இருப்பது கண்ணுக்குத் தெரியாமல் போவதும் நடந்ததை மறப்பதும் கடைசியில் வரும். தசை சம்பந்தப்பட்டவை பெரும்பாலோருக்குப் பலிக்கும். மறதியும் பொய்த்தோற்றமும் மிகச் சிலருக்கே. மேடைக்காரர்கள் இந்த அளவுகோலைப் படித்திருக்க வேண்டியதில்லை, ஆனால் பழம்தின்று கொட்டை போட்டவர்கள் எல்லோரும் இதே வரிசையில்தான் போகிறார்கள். எண்ணை மறக்கடிப்பதை நிகழ்ச்சியின் கடைசிக் கால்மணி நேரத்துக்கு, அதுவும் ஐந்து பேரில் மிக ஆழ்ந்த ஒருவருக்கு மட்டும் வைத்திருந்தால் கூவல் கைதட்டலாகியிருக்கும்.

சறுக்கியதிலிருந்து மீண்டது கரைமடியில், அதாவது கரையில் நின்று வலையை இழுக்கும் காட்சியில். இந்த ஒரு காட்சிக்காகவே கூப்பிடலாம். கொளச்சல் கடற்கரை, அதிகாலை, மடியை வளைத்துப் போட்டாயிற்று, இனி கயிறு. ஐந்து பேரும் வரிசையாக நின்று இல்லாத கயிற்றைப் பிடித்தார்கள். அவர் அம்பா என்னும் மீனவர் வேலைப்பாட்டைப் பாடித் தாளம் கொடுக்க, குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுத்தார்கள். "மடி கனக்குது மக்களே, நெத்திலி இல்ல, வாளை!" கடற்கரைப் பக்கத்துப் பையன் ஒருவன் கயிற்றைத் தோளில் மாட்டி, இழுத்த கயிற்றை வட்டமாகச் சுருட்டி வைத்தான். யாரும் சொல்லிக்கொடுக்காத நுணுக்கம். இதுதான் உறங்க வைப்பதன் அழகு. வெளியூர்க் குழுக்கள் தூண்டில்மீன் காட்சி செய்வார்கள், அது எல்லா ஊரிலும் ஒன்றுபோல் இருக்கும். தனக்குக் கைவந்த வேலையைக் கொடுத்தால் ஆள் தன்னிடமிருந்தே அசைவுகளை எடுக்கிறார். ஒரு எச்சரிக்கை மட்டும்: பின்னால் சாய்ந்து இழுக்கும்போது பாதம் வழுக்கும். ஆட்கள் வெறுங்காலோடு, மேடையின் நீளவாக்கில் நிற்க வேண்டும். விளிம்புக்கு முதுகு காட்டி நிறுத்தவே கூடாது.

பச்சை வெங்காயத்தை ஆப்பிள் என்று தின்ன வைத்ததற்கு ஏன் அத்தனை கைதட்டல் என்று புரியவில்லை. பச்சை வெங்காயத்தை யாரும் தின்னலாம், பந்தயம் கட்டினால் விழித்துக்கொண்டே தின்பார்கள். தேனீ காட்சியும் சுமார்தான். தேனுக்குப் பேர்போன மார்த்தாண்டத்துக்கு இவ்வளவு பக்கத்தில் நின்றுகொண்டு தேனீயை இன்னும் நன்றாகப் பயன்படுத்தியிருக்கலாம்.

இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே ஆளைப் பலகைபோல் கிடத்தி மேலே ஒருவர் ஏறி நிற்கும் வித்தை நோட்டீசில் இருந்தது. கமிட்டி முன்கூட்டியே தடுத்துவிட்டது, வாழ்க. தோள்பட்டைக்கும் கெண்டைக்காலுக்கும் அடியில் நாற்காலி இருந்தால் விழித்திருக்கும் சாதாரண ஆளும் சற்றுநேரம் அப்படிக் கிடப்பார். அது வசியத்துக்குச் சான்றே இல்லை. மேலே ஒருவர் ஏறும்போது முதுகெலும்பு என்ன ஆகும் என்பது மட்டும் நிஜம். கழுத்தின் பக்கவாட்டில் விரலால் அழுத்தி ஆளைச் சாய்க்கும் தந்திரம் இன்னும் மோசம். அது மூளைக்குப் போகும் ரத்தத்தோடும் இதயத் துடிப்போடும் விளையாடுவது, ஹிப்னாடிசமே அல்ல. யாராவது கழுத்தைத் தொட்டால் மைக்கை அணைத்துவிடுங்கள். இந்தக் குழு தொடவில்லை.

"விருப்பத்துக்கு மாறா ஒருத்தரும் ஒண்ணும் செய்யமாட்டாங்க" என்று ஹிப்னாடிஸ்ட் இரண்டு முறை சொன்னார். பாதி உண்மை. ஓர்ன், இவான்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1965-இல் வெளியிட்ட ஆய்வில், உறங்க வைக்கப்பட்டவர்கள் விஷப்பாம்பைப் பிடிக்கவும், ஒருவர் முகத்தில் அமிலம் வீசவும் சொன்னபோது செய்யத் துணிந்தார்கள். உறங்கியதுபோல் நடிக்கச் சொல்லப்பட்டவர்களும் அதையேதான் செய்தார்கள். உண்மையில் யாருக்கும் ஆபத்து வராதபடி ஏற்பாடு இருந்தது. காரணம் கேட்டால், இங்கே யாரையும் சாகவிடமாட்டார்கள் என்று தெரியும் என்பதே பதில். ஆக, ஆளைச் செய்ய வைப்பது வசியம் என்பதைவிட இடத்தின் மேல் உள்ள நம்பிக்கை. மேடையிலும் அதேதான். ஊர்க் கமிட்டி நடத்துகிறது, பங்குச் சாமியார் முன்வரிசையில் இருக்கிறார் என்ற நம்பிக்கையில் வெட்கத்தை விடுகிறார்கள். அதனால் என்ன செய்யச் சொல்லலாம் என்பதை ஆளின் விருப்பத்துக்கு விட்டுவிட முடியாது. சட்டை கழற்றுவது, மிருகம்போல் தவழ்வது, காதலைச் சொல்வது, பெண்ணாக நடிப்பது, சின்ன வயதுக்குத் திரும்புவது: இந்த ஐந்தையும் கமிட்டி முன்கூட்டியே வெட்டிவிட வேண்டும். கடைசியது வேடிக்கையாகத் தெரியும், ஆனால் எந்த வயதில் எந்தத் துக்கம் இருக்கிறது என்று மேடையில் யாருக்கும் தெரியாது. ஆள் அழத் தொடங்கினால் சத்தம் போட்டு எழுப்பக்கூடாது. பாட்டை நிறுத்தி, மைக்கை விலக்கி, பக்கத்தில் குனிந்து "நீ திருவிழா மேடையில பத்திரமா இருக்க, அந்தக் காட்சி மங்கிப் போச்சு" என்று சொல்லி, மெதுவாக எழுப்பி, வீட்டு ஆளோடு மேடைக்குப் பின்னால் உட்கார வைக்க வேண்டும்.

மேடையில் இருந்த ஐவரில் இருவர் பள்ளி மாணவர்கள். இது தவறு. பிரிட்டனில் 1952-ஆம் ஆண்டு ஹிப்னாடிசச் சட்டமே இருக்கிறது, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் பொதுமேடையில் உறங்க வைக்கத் தடை. இங்கே கமிட்டி தானே அந்தக் கோட்டைப் போட்டால் போதும்.

இப்போது எழுப்பியது. கடைசி விளையாட்டு: எழுந்த பிறகு குறிப்பிட்ட ஒரு குத்துப்பாட்டு கேட்டால் எழுந்து ஆட வேண்டும். பாட்டு போட்டதும் மூவர் ஆடினார்கள், அரங்கமே ஆடியது. மணி ஒன்பதே முக்கால். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்க 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் பொதுவாக இடம் கொடுப்பதில்லை, ஆகவே அவசரம். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று ஒரு கைச்சொடக்கு, "எல்லாருக்கும் நன்றி", ஐந்து பேரும் படியை நோக்கி. அந்தக் குத்துப்பாட்டுக் கட்டளையை ரத்து செய்யவே இல்லை. பெரும்பாலும் அது தானாக மங்கிவிடும், உண்மைதான். ஆனாலும் பத்தாம் திருவிழா இன்னிசையில் அதே பாட்டு வராது என்று யார் சொன்னது? ரத்து செய்ய ஒரு வாக்கியம் போதும்.

முறையாக எழுப்புவது இப்படி. கொடுத்த ஒவ்வொரு கட்டளையையும் பெயர் சொல்லி எடுக்க வேண்டும்: கை கனம் போயிற்று, ஏழு திரும்ப வந்தது, பாட்டு கேட்டால் இனி ஒன்றும் ஆகாது. பிறகு ஒன்றிலிருந்து ஐந்து வரை நிதானமாக: இரண்டில் கைகால் அசைய, மூன்றில் ஆழ்ந்த மூச்சு, நான்கில் தலை தெளிந்து, ஐந்தில் கண் திறக்க. ஒரு நிமிடமாவது பிடிக்கும். அதன்பின் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பெயர், ஊர், இப்போது எங்கே இருக்கிறோம் என்று கேட்டு, கண் பார்வை நிலைத்திருக்கிறதா என்று பார்த்து, தண்ணீர் கொடுத்து, பத்து நிமிடம் மேடை ஓரத்தில் உட்கார வைத்துத்தான் இறக்க வேண்டும். சொடக்குப் போட்டு எழுப்பினால் ஆபத்தான எதுவும் நடந்துவிடாது. யாரும் உறக்கத்திலேயே மாட்டிக்கொள்வதும் இல்லை, ஹிப்னாடிஸ்ட் பஸ் ஏறிப் போய்விட்டாலும் ஆள் தானாகவே கண் திறப்பார். வருவது தலைவலி, கிறுகிறுப்பு, கால் பாவாத தள்ளாட்டம். அந்தத் தள்ளாட்டத்தோடு கைப்பிடி இல்லாத, ஐந்தடி உயரப் படியில் இறங்குவதுதான் உண்மையான விபத்து. இங்கே ஓர் இளைஞர் கடைசிப் படியைத் தவறவிட்டு கீழே நின்றவர் மேல் சாய்ந்தார், நல்லவேளை அடி இல்லை. அவர் பிறகு பைக் எடுத்துப் போனதை யாரும் தடுக்கவும் இல்லை. அரைமணி நேரம் வண்டி ஓட்டக்கூடாது என்று மேடையிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

முதல்முறை மேடை ஏற நினைப்பவர்களுக்கு. வலிப்பு, மனநோய்க்கான சிகிச்சை, கர்ப்பம், இதயக் கோளாறு, அண்மையில் ஆபரேஷன், முதுகுவலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் ஏறவேண்டாம். குடித்திருந்தால் வேண்டவே வேண்டாம், கட்டளையில் கவனம் நிற்காது, கால் நிற்காது. நேர்ச்சை நோன்பில் வெறும் வயிற்றோடு இருப்பவர்களும் விட்டுவிடுங்கள். புழுக்கத்தில் முழங்காலை விறைத்துக்கொண்டு நின்றாலே மயக்கம் வரும், அதைப் பார்ப்பவர்கள் வசியம் என்று நினைத்துவிடுவார்கள். வாயில் மிட்டாய், பபுள்கம் இருந்தால் துப்பிவிடுங்கள். கண்ணாடி, போன், செருப்பு கீழே தெரிந்த ஆளிடம் இருக்கட்டும்.

ஏறியபின் என்ன தெரியும்? பெரும்பாலோர் எதிர்பார்க்கும் இருட்டு வராது. கூட்டத்தின் சிரிப்பும் கடலைவண்டிக்காரனின் சத்தமும் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். இது உறக்கமும் அல்ல, மூளை அலைகளைப் பார்த்தால் தளர்வாக விழித்திருக்கும் நிலையை ஒட்டியே இருக்கும். கை விறுவிறுக்கலாம், இமை துடிக்கலாம், ஒரு மணி நேரம் இருந்தது இருபது நிமிடமாகத் தோன்றலாம். "நான் நினைச்சா நிறுத்தியிருக்கலாம், ஆனா நிறுத்தத் தோணல" என்பதுதான் இறங்கி வருபவர்கள் வழக்கமாகச் சொல்வது. அதைக் கேட்டு நண்பர்கள் "சும்மா நடிச்ச" என்பார்கள். நடிப்பும் அல்ல, மயக்கமும் அல்ல. கை தானாகப் போவதுபோல் இருக்கும், கூடவே போகவிடுவதும் தானே என்று தெரியும். ஆழ்ந்துவிட வேண்டும் என்று முயன்றாலும் ஏறாது, எங்கே இருக்கிறேன் என்று ஆராய்ந்தாலும் ஏறாது. சொல்வதைக் காட்சியாக நினைத்தால் போதும். பிடிக்காத கட்டளை வந்தால் கண்ணைத் திறந்து எழுந்து இறங்கிவிடலாம், ஒன்றும் ஆகாது. ஹிப்னாடிஸ்ட் தோளைத் தட்டி அனுப்பினால் அதில் அவமானமும் இல்லை.

கமிட்டி எழுத்தில் வாங்க வேண்டியவை இவை: 18 வயது வரம்பு, வெட்டிய காட்சிகளின் பட்டியல், பலகை வித்தை கிடையாது, பின்னால் நிற்க ஓர் உதவியாளர், எழுப்புவதற்கென்று கடைசிப் பத்து நிமிடம் தனியாக. எட்டே காலுக்குள் தொடங்கிவிட வேண்டும், வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் அதற்கு முன். குடியை நிறுத்துகிறோம், ஆஸ்துமா போக்குகிறோம், பிள்ளைகளுக்கு ஞாபகசக்தி என்று நிகழ்ச்சி நடுவே விளம்பரச் சீட்டு விநியோகித்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். இந்தக் குழுவும் முடிவில் அப்படி ஒரு சீட்டைக் கொடுக்கப் பார்த்தது. மேடை வித்தை வேறு, மருத்துவம் வேறு.

வீடியோவையும் பேசிவிட வேண்டும். குழுவின் பையன் தொடக்கம் முதல் முடிவு வரை போனில் எடுத்துக்கொண்டிருந்தான். அவர்களுடைய விளம்பரம் அதில்தான் ஓடுகிறது. மேடையில் ஆடிய பெண்பிள்ளையின் முகம் மறுநாள் காலை ஊர் முழுக்க வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போனால் பதில் சொல்ல வேண்டியது கமிட்டிதான். இறங்கி, தண்ணீர் குடித்து, தெளிந்த பிறகு ஒவ்வொருவரிடமும் கேட்டுச் சம்மதம் வாங்கியதை மட்டுமே போடலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஏறும் முன் கேட்டு வாங்கும் சம்மதம் போதாது, என்ன செய்யப்போகிறோம் என்று அப்போது அவர்களுக்கே தெரியாது.